க.பொ.த. (சா/த) தமிழ்மொழி – கட்டுரைப் பயிற்சி: குடும்பத்துடனும் நண்பருடனும் நத்தார்

வினா: "குடும்பத்தினருடனும் நண்பர்களுடனும் நான் கழித்த ஒரு நத்தார் நாள்" என்னும் தலைப்பில் கட்டுரை ஒன்று எழுதுக.

மாணவர்களே, பண்டிகை பற்றிய தலைப்பைக் கண்டதும் "இது இலகுவானது" என்று எண்ணி உடனே எழுதத் தொடங்கிவிடுகிறீர்கள். ஆனால் அதிகமானோர் புள்ளி இழப்பதும் இத்தகைய தலைப்புகளில்தான். "உலகெங்கும் வாழும் கிறிஸ்தவ மக்களால் ஆண்டுதோறும் டிசம்பர் 25ஆம் திகதி வெகுவிமரிசையாகக் கொண்டாடப்படும் பண்டிகை நத்தார்ப் பண்டிகையாகும்." இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எனினும் ஒரே மண்டபத்தில் இருபது பேர் இதையே எழுதியிருப்பார்கள். இதைத் தொடர்ந்து பனி கொட்டும், கலைமான் வண்டி வரும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மார்கழி மாதத்தில் கொட்டுவது பருவமழையே தவிரப் பனி அன்று. முற்றத்தில் வெள்ளம் நிற்க, மழைக் குடையுடன் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போன பிள்ளை பனியைப் பற்றி எழுதினால் பரீட்சகர் எதை நம்புவார்?

தலைப்பை முதலில் உடைத்துப் பாருங்கள். "குடும்பத்தினர்", "நண்பர்கள்", "நான்", "ஒரு நாள்" என நான்கு பகுதிகள் உள்ளன. நத்தாரின் வரலாறு கேட்கப்படவில்லை. ஆகவே வரலாற்றை ஒரு பந்திக்கு மேல் கொண்டு செல்ல வேண்டாம். அந்த ஒரு பந்தியையும் சரியான தகவலுடன் எழுத வேண்டும் என்பதனால் சிலவற்றைத் தெரிந்து வைத்திருங்கள்.

தெரிந்திருக்க வேண்டிய செய்திகள்

"நத்தார்" என்பது பிறப்பு என்னும் பொருளுடைய போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து நமக்கு வந்தது. மேசை, கதிரை, அலுமாரி, பாண் ஆகிய சொற்கள் வந்த வழியும் அதுவே. சிங்களத்தில் "நத்தல" என்பதும் இச்சொல்லே. "கிறிஸ்மஸ்", "பாலன் பிறப்பு விழா" என்றும் எழுதலாம். எதைத் தெரிவு செய்தாலும் கட்டுரை முடியும்வரை அதையே கையாள்வது நன்று.

இயேசுவின் பிறப்பு மத்தேயு, லூக்கா ஆகிய இரு நற்செய்திகளிலேயே விரிவாகக் கூறப்படுகிறது. தீவனத் தொட்டியும் இடையர்களும் லூக்காவில் வருகின்றன. விண்மீனும் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளும் மத்தேயுவில் வருகின்றனர். ஞானிகள் மூவர் என்று மத்தேயு எண்ணிக்கை கூறவில்லை. காணிக்கைப் பொருள்கள் மூன்று என்பதால் ஆட்களும் மூவர் எனக் கொள்ளும் வழக்கம் வந்தது. டிசம்பர் 25 என்ற திகதியும் வேதாகமத்தில் இல்லை. உரோமாபுரியில் கி.பி. 336 இல் அந்நாளில் விழா நடந்தமைக்குச் சான்று உண்டு. குடில் அமைக்கும் வழக்கத்தைப் பரப்பியவராகப் போற்றப்படுபவர் இத்தாலியின் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ். 1223 இல் கிரேச்சோ என்னும் ஊரில் அவர் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடிலைக் காட்சிப்படுத்தினார். நமது குடில்களில் மாடும் கழுதையும் கட்டாயம் இடம்பெறுகின்றன; நற்செய்தியின் பிறப்புக் காட்சியிலோ அவை சொல்லப்படவில்லை.

நம் நாட்டைப் பொறுத்தவரை ஒரு செய்தி மிக முக்கியமானது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. 1687 இல் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் மறைந்திருந்து, இரவு வேளைகளில் வீடுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஆலயங்கள் பறிபோன காலத்தில் வீடே ஆலயமாக இருந்தது. 2015 ஜனவரி 14 இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நத்தாரைக் "குடும்ப விழா" என்று எழுத விரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

குடும்பம் பற்றி எழுதும்போது

"உறவினர் அனைவரும் ஒன்றுகூடி மகிழ்ந்தோம்" என்பது செய்தி மட்டுமே. யார் வந்தார், எதைச் செய்தார் என்று எழுதினால் அது காட்சியாகும். நமது நத்தார்க் கேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ரவை சேர்ப்பார்கள். கஜு, முந்திரிகை வற்றல், பேரீச்சம்பழம், பூசணித் தோசி, இஞ்சிப்பாகு எல்லாவற்றையும் பொடியாக வெட்ட வேண்டும். பல நாட்களுக்கு முன்பே இவற்றை ஊறவைக்கும் வீடுகளும் உண்டு. வெட்டும் வேலைக்கு ஒருவர் போதாது; அம்மா, சித்தி, அம்மம்மா, பிள்ளைகள் எல்லோரும் பாயில் இருந்து வெட்டுவார்கள். வெட்டும்போதே பாதிக் கஜு சின்னவர்களின் வாய்க்குள் போய்விடும். வீடு முழுவதும் இந்த ஒரு வேலையில் வந்துவிடுகிறது அல்லவா? (சாதாரண தரப் பரீட்சை 2019 வரை டிசம்பரில் நடைபெற்றமையால், அக்காலத்துப் பிள்ளைகள் பலர் புத்தகத்தை மூடிய கையோடு கஜு வெட்ட உட்கார்ந்தார்கள். உங்கள் அண்ணன், அக்காமாரைக் கேட்டால் சொல்வார்கள்.)

சவுக்கங் கொப்பில் கட்டிய பஞ்சு, வாசலில் தொங்கும் நட்சத்திரக் கூடு, வீடு வீடாக வரும் கரோல் குழு, நத்தார் பப்பாவைக் கண்டு அழும் குழந்தை ஆகியவற்றுள் நீங்கள் நேரில் கண்ட இரண்டை மட்டும் எடுத்து விரியுங்கள். எல்லாவற்றையும் அடுக்கினால் பட்டியலாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பண்டிகைக் கட்டுரை முழுவதும் மகிழ்ச்சியாகவே இருக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. நம் வீடுகளில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கும் நத்தார்கள் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அவ்வருட நத்தாரைப் பிறர் வீட்டுத் திண்ணைகளிலும் பாடசாலைகளிலும் கழித்தன. 2004 இல் நத்தாருக்கு மறுநாட் காலை வந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. கரையோர ஊர்கள் பலவற்றில் டிசம்பர் 25 இன் நினைவும் 26 இன் நினைவும் பிரிக்க முடியாதவை. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களின் பின்னர் வந்த நத்தாரில் ஆலய வாசல்களில் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படியொரு நினைவு இருந்தால் அதை எழுதலாம். எழுதத்தான் வேண்டும் என்பதில்லை. எழுத மனம் வராவிட்டால் விட்டுவிடுங்கள். எழுதினால் அளவாக எழுதுங்கள். "கண்ணீர்க் கடலில் மூழ்கினோம்" என்பதைவிட, "அம்மா அன்றும் அண்ணாவின் கோப்பையைக் கழுவி மேசையில் வைத்தார்" என்பது பரீட்சகரை நிறுத்தும்.

நண்பர் பற்றி எழுதும்போது

"நான் இந்து, நான் முஸ்லிம், இத்தலைப்பை நான் எழுதலாமா?" என்று வகுப்பில் பலர் கேட்பதுண்டு. தாராளமாக எழுதலாம். தலைப்பில் "நண்பர்கள்" என்ற சொல் உங்களுக்காகவே இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நமது நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமாகவே இருந்தனர். ஆயினும் நத்தார் அன்று கேக் உண்ணாத வீடு நம் ஒழுங்கைகளில் எத்தனை? உங்கள் வீட்டில் நடக்காததை நடந்ததாக எழுத வேண்டாம். நண்பரின் வீட்டில் விருந்தாளியாக நின்று கண்டதை எழுதுங்கள். விருந்தாளியின் கண்ணுக்கு வீட்டார் கவனிக்காத பலவும் தெரியும்.

மாதிரிக் கட்டுரை (சுருக்கம்)

பேசாலையில் எங்கள் வீட்டுக்கும் என் தோழியின் வீட்டுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலிதான். டிசம்பர் 24 பின்னேரம் அவள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "குடிலுக்கு மணல் அள்ளக் கடற்கரைக்குப் போவம், வாறியா?" என்று கேட்டாள். நத்தார் என்பதால் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. மணலும் சிப்பியும் அள்ளி வந்து, பனையோலையால் கூரை வேய்ந்தோம். மாடு, ஆடு, இடையர், சூசையப்பர், மரியாள் எல்லோரையும் வைத்தாயிற்று. பாலனை மட்டும் காணவில்லை. அவளுடைய தம்பி தேடித் தேடி அழத் தொடங்கிவிட்டான். "பன்னிரண்டு மணிக்குத்தான் பிறப்பார். அதுவரைக்கும் அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கிறார்" என்றார் அவளுடைய அம்மம்மா.

மறுநாள் மதியம் அம்மாவும் நானும் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். "வாங்கோ, இருங்கோ, சாப்பிட்டுத்தான் போகோணும்" என்று அம்மம்மா கதிரையை இழுத்துப் போட்டார். கோழிக் கறியும் இடியப்பமும் மேசையில் இருந்தன. அம்மா அன்று சைவம் என்பதை நினைவில் வைத்து, தனிச் சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தார்கள்.

சாப்பிடும்போது கட்டாரிலிருந்து தோழியின் அப்பா தொலைபேசியில் அழைத்தார். தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார்கள். அவர் வேலை உடையுடன் இருந்தார். அங்கு அன்று விடுமுறை இல்லை. "எனக்கும் ஒரு துண்டு வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார். அவள் பச்சைத் தாளில் சுற்றிய கேக் துண்டைத் தூக்கிக் காட்டினாள். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தம்பி, "அப்பா, பாலன் அலுமாரிக்குள்ள இருந்தவர்!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு தட்டு நிறையக் கேக்கும் பயற்றம் பணியாரமும் தந்தார்கள். அம்மா அந்தத் தட்டை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. கழுவித் துடைத்து, தைப்பொங்கலன்று புக்கை வைத்துக் கொடுப்பதற்காகப் பரணில் கவிழ்த்து வைத்தார்.

கவனிக்க: இக்கட்டுரையில் அரிய சொல் ஒன்றேனும் இல்லை. பேச்சுத்தமிழ் மேற்கோள் குறிக்குள் மட்டுமே வருகிறது. கதை சொல்லும் பகுதி முழுவதும் எழுத்துத்தமிழ். இதைக் கலந்துவிட்டால் புள்ளி போகும். மாதிரியை மனனம் செய்து பேசாலையை உங்கள் ஊராக மாற்றி எழுத முனைய வேண்டாம். பேசாலைத் தோழி பதுளையில் கடல் மணல் அள்ளமாட்டாள்.

அடிக்கடி காணும் பிழைகள்

"திருப்பலி" என்பதைத் "திருப்பழி" என எழுதுவது பெரும் பிழை. பலி என்பது காணிக்கை. பழி என்பது குற்றச்சாட்டு. "விழா" என்பதை "விளா" என்றால் அது மரமாகிவிடும். மெழுகுதிரிக்கு ஒளி, ஆலய மணிக்கு ஒலி. "மின்குமிழ்கள் ஒளிர்ந்தது" அன்று, "ஒளிர்ந்தன". "நத்தார் பண்டிகை" என்பதிலும் "நத்தார்ப் பண்டிகை" என வலி மிக எழுதுவது முறை. "ஒரு அட்டை" என்பது "ஓர் அட்டை" ஆதல் வேண்டும்.

பயிற்சி

1. "உறவினர் வந்தனர், உணவு உண்டோம், மகிழ்ந்தோம்." இதனை, மகிழ்ச்சி என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் எட்டு வாக்கியங்களில் விரித்து எழுதுக.

2. வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவருக்கு, அவர் இல்லாது கழிந்த பண்டிகை நாளை விவரித்துக் கடிதம் எழுதுக.

3. உங்கள் அம்மம்மா அல்லது அப்பப்பாவிடம், மின்சாரம் இல்லாத காலத்தில் பண்டிகை நாளின் இரவை எவ்வாறு கழித்தார்கள் என்று கேட்டறிந்து, அவர் கூறிய சொற்களுள் இரண்டையேனும் மேற்கோளாகச் சேர்த்து ஒரு பந்தி எழுதுக. அவர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், வேறொருவரைக் கேட்கவும்.