சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய அட்டவணையை மூன்று முறை பார்த்துவிட்டேன். ஐப்பசிக் கடைசியில் கிளம்பி, ஒன்பது நாளில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி. வழியில் பத்தொன்பது இடங்கள். ஒவ்வொன்றுக்கும் போய்ச்சேரும் நேரம், கிளம்பும் நேரம், பெட்ரோல் செலவு. கட்டங்களுக்கு வண்ணம்கூட அடித்திருக்கிறாய். உன் வயதில் நான் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில்தான் திட்டம் எழுதினேன், அதனால் மெச்சத்தான் வேண்டும். ஆனால் முதல் எட்டு நாளும் மாலைக் கட்டத்தில் ‘கடற்கரை, சூரிய அஸ்தமனம்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. மரக்காணத்திலும் தரங்கம்பாடியிலும் நாகப்பட்டினத்திலும் சூரியன் கடலிலா விழுகிறது? சவுக்குத் தோப்புக்குப் பின்னால், பஸ் நிலையத்துக்குப் பின்னால் விழுகிறது.

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நீ பார்த்துப் பழகிய படங்கள் கோவா, வர்க்கலா, கலிஃபோர்னியா. எல்லாம் மேற்குக் கரை. அங்கே மாலை ஐந்து மணிக்குக் கடலைப் பார்த்து நின்றால் போதும், மற்றதைச் சூரியன் பார்த்துக்கொள்ளும். நம்முடையது கிழக்குப் பார்த்த கரை. இங்கே கடலுக்குக் காலை, கழிக்கு மாலை. பயணத் திட்டத்தை இந்த ஒரு வரியிலிருந்து தொடங்கு.

கழி என்றால் கடலுக்கும் ஊருக்கும் நடுவே கிடக்கும் உப்பங்கழி. உப்பளம், ஆற்று முகத்துவாரம், சதுப்பு எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். நெய்தல் திணைக்குச் சிறுபொழுது எற்பாடு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். சூரியன் படும் நேரம் என்றுதான் பெரும்பாலும் பொருள் சொல்வார்கள். கிழக்குக் கரையில் இருந்துகொண்டு இது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு நெடுநாள் குழப்பம். ஒரு கார்த்திகை மாலை வேதாரண்யம் உப்பளத்து வரப்பில் நின்றபோது குழப்பம் தீர்ந்தது. மழைநீர் நிரம்பிய பாத்திகள் கண்ணுக்கெட்டிய வரை செம்பாகக் கிடந்தன. நெய்தல் கடல் மட்டுமில்லை, கழியும் சேர்ந்ததுதான். இதைப் புலவர்களிடம் போய்ச் சொல்லிவிடாதே, இது படம் எடுக்கிறவனின் உரை.

மாலையில் கடற்கரைக்கே போகாதே என்றும் சொல்லவில்லை. போ, ஆனால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில். கூதிர்காலத்தில், அதாவது ஐப்பசி கார்த்திகையில், வங்கக் கடலின் மேல் இடிமேகங்கள் கோபுரம் கோபுரமாக எழும்பி நிற்கும். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும்போது அதன் கடைசி வெளிச்சம் அந்த மேகங்களின் முகத்தில் நேராகப் படும். கீழே கடல் ஈயம் மாதிரி இருண்டிருக்கும். மேலே மேகம் மாதுளை முத்தாகச் சிவந்திருக்கும். மேற்குக் கரைக்காரனுக்கு இது மாலையில் கிடைக்காது. வானவில்லும் அப்படித்தான். அது எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில் தோன்றும். சூரியன் 42 பாகைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் பிற்பகல் மூன்றுக்கு மேல் கடலில் மழை, கரையில் வெயில் என்று அமைந்தால் வில் கடலின் மேல்தான் நிற்கும்.

இன்னொன்று, பௌர்ணமி. முழுநிலா நாளில் சூரியன் மேற்கே மறையும் நேரத்தை ஒட்டிக் கிழக்கே, நம் கடலிலிருந்து, நிலா எழும். எல்லோரும் அன்றைக்குத்தான் கரையில் கூடுவார்கள். நீ அதற்கு முந்தின நாளே போய் நில். நிலா நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் பிந்தி எழுகிறது. அதனால் முந்தின நாள் சூரியன் மறைவதற்கு முன்பே வந்துவிடும். படகும் மணலும் முகமும் தெரிகிற வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே நிலாவும் வானத்தில் இருக்கும். பௌர்ணமியன்று அந்த வெளிச்சம் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கும். கறுப்புத் துணியில் வெள்ளைப் பொட்டு வைத்தது மாதிரிப் படம் வரும். என்னிடம் அப்படி ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

இப்போது மழை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை போகிறது. உன் அட்டவணையில் மழைக்கு ஒரு கட்டம்கூட இல்லை. வீட்டில் ‘இந்த மாசத்திலயா போறே’ என்று கேட்டிருப்பார்கள். இந்த மாதத்தில்தான் போக வேண்டும். மாசியிலும் பங்குனியிலும் வானம் துடைத்துவைத்த எவர்சில்வர் தட்டு. அதில் எடுக்க ஒன்றுமில்லை. இந்த மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும் கொட்டிவிட்டுப் பகலில் விடும். அதனால் ஐந்து விடியலுக்கு எழுந்தால் இரண்டில் வெளிச்சம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த இரண்டிலும் அடிவானத்துக்கும் மேகத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளியில் சூரியன் நாலைந்து நிமிடம் தலைகாட்டி மேலே மறைந்துவிடும். அந்த நாலைந்து நிமிடத்துக்கு ஓரிடத்தில் மூன்று நாள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு ஊர் என்று ஓடுகிறவனுக்கு அது அகப்படாது.

ஆகவே கத்தரியை எடு. கன்னியாகுமரி வேண்டாம், தனுஷ்கோடி வேண்டாம், மணப்பாடு வேண்டாம். மணப்பாட்டை வெட்டும்போது எனக்கே கை நடுங்குகிறது. அந்த மணற்குன்றும் தேவாலயமும் தனியே ஒரு வாரம் கேட்பவை, தை பிறந்ததும் போ. இந்தப் பயணம் கோடியக்கரையோடு முடியட்டும். சென்னையிலிருந்து 350 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். அதுவரை தெற்கு நோக்கி வந்த கரை அந்த முனையில் மேற்கே மடங்குகிறது. அதற்கப்பால் பாக் நீரிணை. ஆழமில்லாத, பெரிதாக அலையடிக்காத வேறொரு கடல், அதற்கு வேறொரு கண் வேண்டும்.

மூன்று இடத்தில் மட்டும் தங்கு.

முதலில் மரக்காணம் பக்கம் இரண்டு இரவு. காலையில் கடப்பாக்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஆலம்பரைக் கோட்டை. 1760இல் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட சுவர்கள் கழியோரத்தில் நிற்கின்றன. கழிக்கு அந்தப்பக்கம் மணல்திட்டு, அதற்கப்பால் கடல். மாலையில் மரக்காணம் உப்பளம். இந்த மாதங்களில் அங்கே உப்பு விளையாது. மழைக்கு முன் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடியிருப்பார்கள். பாத்தியில் மழைத்தண்ணீர், நடுவில் ஓலைக்குவியல், மேலே மேகம். ‘உப்பு எடுக்காத நேரத்தில் உப்பளத்தில் என்ன இருக்கிறது’ என்று கேட்பவனோடு பயணம் போகாதே.

அடுத்து தரங்கம்பாடி, மூன்று இரவு. 1620இல் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையின் கடல் பார்த்த சுவரில் காலை வெயில் நேராக விழும். எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். நீயும் ஒன்று எடுத்துவைத்துக்கொள், தப்பில்லை. ஆனால் உன் காலைகளை மாசிலாமணிநாதர் கோயிலுக்குக் கொடு. அந்தப் பாண்டியர் காலக் கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களை ஒதுக்கிவிட்டுப் படம் எடுக்கப் பார்க்காதே. கடல் நெருங்குகிறது என்பதை அந்தப் படத்தில் சொல்வதே அவைதான். ஒரு மாலை மட்டும் வடக்கே பிச்சாவரம் போய் வா. சுரபுன்னைக் காட்டுக்குள் படகுக்காரர் சொல்லும் நேரம்தான் நேரம். அவரிடம் கோணம் பேசிச் சண்டை போடாதே.

பிறகு மீதி நாள் எல்லாம் வேதாரண்யமும் கோடியக்கரையும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய ஊர் என்பதற்காக இல்லை, கதையில் வரும் பூங்குழலி படகு விட்ட கரை என்பதற்காகவும் இல்லை. காலையும் மாலையும் ஒரே ஊரில் கிடைக்கிற இடம் அது. இந்தப் பருவத்தில் சூரியன் கிழக்கில் தெற்கே தள்ளி எழுந்து, மேற்கிலும் தெற்கே தள்ளியே மறைகிறது. தெற்குப் பார்த்த அந்தக் கரையில் இரண்டு வேளையும் தண்ணீரின் மேல் வெளிச்சம் சாய்ந்து வரும். 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. பூநாரைகள் அக்டோபரிலிருந்து வரத் தொடங்கும். தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தால் அந்தக் கோட்டையே எடு. கிட்டே போய்க் கிளப்பிவிட்டுப் பறக்கிற படம் எடுக்கிறவர்களோடு நான் பேசுவதில்லை. சரணாலயத்துக்குள் போக வனத்துறையின் அனுமதியை முதல் நாளே வாங்கிவிடு. டிரோனை வீட்டிலேயே வை. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம், கரை நெடுகக் கடலோரக் காவல். விளக்கம் சொல்லியே பயணம் முடிந்துபோகும்.

கடலைப் பற்றி ஒன்று. நம் கரையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டரைச் சுற்றித்தான், அதைக் கணக்குப்போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதே. பார்க்க வேண்டியது அலை. வானம் வெளுத்திருந்தாலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பிய காற்றழுத்தத் தாழ்வின் அலை முன்னாலேயே வந்துசேரும். ஆலம்பரைக்குத் தெற்கே ஒரு விடியலில், நட்சத்திரம் தெரிகிற வானத்தின் கீழே, ட்ரைபாடை ஈரமணலில் ஊன்றிவிட்டு டீ குடிக்கத் திரும்பினேன். ஏழெட்டு அலை ஒழுங்காக வந்தது. அடுத்தது முழங்கால் வரை வந்து, காலடி மணலை அரித்து, கேமராவைச் சாய்த்துக்கொண்டு போனது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் எடுத்துக்கொடுத்தார். ‘ராத்திரியிலேருந்தே கடல் சரியில்லையே, கேட்டிருக்கலாமே’ என்றார். உப்புத்தண்ணீர் குடித்த கேமரா பிழைக்கவில்லை. அன்றுமுதல் ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலை, படகுத்துறையில் நின்று கடல் எப்படி இருக்கிறது என்று கேட்பது. கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பையும் பார், ஆனால் கேட்பதை விடாதே. வாடை எப்போது விழுந்தது, கொண்டல் காற்று எப்போது எடுக்கும் என்பது அவர்களுக்கு உடம்பில் தெரியும்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் பயணம் முடிந்தது, திரும்பிவிடு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது இதே வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம்தான். சிறிய எச்சரிக்கை நாட்களில் படகுகள் கரையில் ஏறிக் கிடக்கும். வானம் அன்றைக்குத்தான் மிக அழகாக இருக்கும். உனக்கு வேலை இருக்கிற அந்த நாள் அவர்களுக்கு வேலை இல்லாத நாள். வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் ‘அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க’ என்று சொல்லாதே. பக்கத்தில் உட்கார், கேமரா பையிலேயே இருக்கட்டும்.

சாமான் விஷயம் சுருக்கமாக. ஏசி அறையிலிருந்து நேராகக் கரைக்குப் போனால் லென்ஸ் வேர்த்துப்போய் அரைமணி நேரம் குருடாகிவிடும். இரவே பையை ஏசி இல்லாத இடத்தில் வை. கரையில் லென்ஸ் மாற்றாதே. தினமும் இரவில் ட்ரைபாட் காலை நல்ல தண்ணீரில் கழுவு. போலரைஸரைக் கழியில் கழற்றிவிடு, நீ தேடி வந்த பிரதிபலிப்பையே அது அழித்துவிடும். முப்பது விநாடி ஷட்டரைத் திறந்துவைத்துக் கடலைப் பாலாக்கும் பழக்கத்தையும் விடு. வங்கக் கடல் பாலில்லை. ஆறுகள் மழைக்குப் பிறகு கொண்டுவந்து கொட்டும் செங்காவித் தண்ணீர் முகத்துவாரத்தில் நீலத்தோடு மோதுவதுதான் இந்தப் பருவத்தின் நிறம். கால் விநாடி, அரை விநாடி வை. திரும்பிப்போகும் அலை நார் நாராகத் தெரியும்.

அட்டவணையைத் திருத்தி அனுப்பு, இந்த முறை மூன்று ஊரும் இரண்டு வெற்று நாளும் இருக்கட்டும். கிளம்புகிற முந்தின மாலை வானிலை அறிக்கை கேட்டுவிட்டு எனக்கு ஒரு போன் போடு. பழைய மழைச்சட்டை ஒன்று இங்கே சும்மாதான் கிடக்கிறது. உனக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், கேமராவும் உள்ளே அடங்கும். வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அண்ணன்