போர்க்கால நாவல் எழுத வருபவர்களுக்கு: ரகசியத்தை எங்கே தேடுவது?

பரணில் ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் பழைய புகைப்படம், பாட்டி கடைசிவரை சொல்லாமல் விட்ட ஒரு பெயர். இவ்வளவு கையில் இருந்தால் போர்க்காலக் காதல் நாவல் ஒன்றை எழுதிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. பாட்டி ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் அந்தக் காலத்துக்கே உரியதாக இருக்க வேண்டும். எந்தத் தபால் நின்றது, எந்தக் கப்பல் வரவில்லை, எந்தச் சட்டம் அன்று இருந்தது, எது இல்லை? நம்பக்கூடிய ரகசியம் இவற்றிலிருந்துதான் விளையும். இதைத் தொழிலாகவே செய்ய விரும்புகிறவர்களுக்காக, நம் குடும்பங்களை நேரடியாகத் தொட்ட மலாயா, பர்மா யுத்தகாலத்தை முன்வைத்துச் சில வழிகள்.

1. தேதிப் பட்டியல் முதலில்

கதைச் சுருக்கம் எழுதும் முன் ஒரு நீண்ட தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் போர். 1941 டிசம்பர் 11 பினாங்கில் குண்டுவீச்சு. டிசம்பர் 23 ரங்கூனில். 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் வீழ்ச்சி. மார்ச் 8 ரங்கூன் வீழ்ச்சி. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டுவீச்சு, மறுநாள் விசாகப்பட்டினத்தில். அடுத்தது நாம்தான் என்ற பயத்தில் சென்னையே காலியானது. 1945 ஆகஸ்ட் 15 ஜப்பானின் சரணடைவு. வலப்பக்கம் உங்கள் பாத்திரங்களின் கல்யாணம், பிள்ளைப்பேறு, கடைசிக் கடிதம், சாவு. இரண்டையும் அருகருகே வைத்ததும் பொருந்தாதவை தாமாகவே வெளியே வந்துவிடும். 1943இல் ஈப்போவிலிருந்து தேவகோட்டைக்கு ஒரு காதல் கடிதம் வருவதாக எழுதியிருந்தால் அந்த அத்தியாயத்தை அடியுங்கள். ஜப்பானியர் பிடியில் இருந்த மலாயாவிலிருந்து தபால் கிடையாது, மணியார்டரும் கிடையாது. அந்த மூன்றரை ஆண்டு மௌனம்தான் உங்கள் மூலதனம்.

சின்ன விவரங்களும் பட்டியலில் இருக்கட்டும். ஜப்பானியர் மலாயாக் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு வந்தது. விடியாத காலை ஏழு மணிக்கு ஒருத்தி கிழங்கு வாங்க வரிசையில் நிற்கும் காட்சிக்கு இந்த இரண்டும் போதும்.

2. பாத்திரம் பார்த்த வேலையைப் படியுங்கள்

காதலும் பிரிவும் பிழைப்பின் விதிகளுக்குள் நடக்கின்றன. செட்டியார் வட்டிக்கடைகளில் அக்கரைக்குப் போகும் ஏஜெண்டும் அடுத்தாளும் பொதுவாக மூன்றாண்டுக் கணக்குக்குப் போவார்கள். மனைவி ஊரில் இருப்பாள். 1940இல் போனவன் 1943இல் திரும்பியிருக்க வேண்டும். யுத்தம் அவனை 1946வரை அங்கேயே நிறுத்தினால் மூன்றாண்டு ஆறாண்டாகிறது. அவனுக்கு அங்கே இன்னொரு குடும்பம் அமைவதற்கு வில்லத்தனம் தேவையில்லை. அந்த ஏற்பாடே போதும்.

பணத்தையும் பாருங்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில், ஜப்பானியர் வெளியிட்ட, மதிப்பிழந்துகொண்டிருந்த வாழைமர நோட்டைக் கொடுத்துப் பழைய கடனை அடைத்தவர்கள் உண்டு. கடை ஏன் நொடித்தது என்று ஊர் கேட்கும்போது ஏஜெண்டு எதைச் சொன்னான், எதை மறைத்தான்? இங்கே ஒரு ரகசியம் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலை இந்தக் கண்ணோடு படியுங்கள். வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையாவும் முதலாளி மகள் மரகதமும் சேர முடியாமல் போவதற்குப் பட்டாளத்துக்குப் போய்வந்தவன் வட்டிக்கடைக்கு ஒத்துவர மாட்டான் என்ற முதலாளியின் முடிவு முக்கியக் காரணம். காதலை முறிப்பது ஒரு தொழிலின் தர்க்கம். அதனால்தான் அந்தப் பிரிவு வாசகரை உறுத்துகிறது. சிங்காரம் இளவயதில் மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்தவர். நமக்கு அந்த அனுபவம் இல்லை. உழைத்துத்தான் அதை ஈடுகட்ட வேண்டும்.

3. அன்றைய சட்டத்தைக் கேளுங்கள்

இன்றைய சட்டத்தை வைத்து அன்றைய பயத்தை எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. சென்னை மாகாணத்தில் இந்து ஆண் இரண்டாம் தாரம் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது 1949இல்தான். ஆகவே 1943இல் பினாங்கில் இன்னொரு கல்யாணம் செய்தவன் போலீஸுக்குப் பயந்து மறைத்ததாக எழுத முடியாது. அவன் அஞ்சியது மாமனாரை, சீர்வரிசையை, சொத்துப் பங்கை.

இன்னொரு கதவும் இருக்கிறது. ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாகக் கேள்விப்பட்டிருக்கக் கூடியவர்கள் ஏழாண்டு காலம் எதுவும் கேள்விப்படாவிட்டால், அவர் உயிரோடிருக்கிறார் என்று வாதிடுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். 1942இல் காணாமல் போனவன் 1949வரை சட்டத்தின் கண்ணில் இறந்தவனாக மாட்டான். அதுவரை அவன் மனைவி தாலியோடு இருக்கலாமா, கழற்ற வேண்டுமா? ஊர் ஒன்று சொல்லும், மாமியார் ஒன்று சொல்வாள், அவள் மனம் வேறொன்று சொல்லும். அந்த ஏழாண்டு ஒரு முழு நாவலுக்கான களம்.

4. பெயர் இல்லாதவர்களுக்கு இடம் கொடுங்கள்

ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேருக்குக் கல்லறைகள் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும், பர்மியர், ஜாவானியர் முதலானோரும் அதைவிடப் பல மடங்கு இறந்தார்கள். சில மதிப்பீடுகள் 90,000ஐயும் தாண்டுகின்றன. அவர்களுக்கு முறையான பெயர்ப்பட்டியலே இல்லை.

இதை நாவலின் பின்னணிப் படமாக மட்டும் பயன்படுத்தாதீர்கள். பதிவாகாத சாவு, வீட்டில் முடிவில்லாத காத்திருப்பாகிறது. காலராவில் செத்த நண்பனின் செய்தியைச் சொல்லத் துணிவில்லாமல் திரும்பிவந்த ஒருவன், பிறகு அந்த நண்பனின் மனைவியை நேசிக்கத் தொடங்கினால், அவன் மௌனத்துக்கு எவ்வளவு கனம் என்று எண்ணிப் பாருங்கள். மலேசியாவில் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் இந்த ரயில் பாதையை நாவலாக்கியிருக்கிறார்கள். எழுதத் தொடங்கும் முன் அவர்களைப் படித்துவிடுங்கள்.

5. ஆவணத்துக்கு எங்கே போவது

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் ஆக்கிரமிப்புக் கால வாய்மொழி நேர்காணல்களைச் சேமித்திருக்கிறது. பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். அன்றைய நாளிதழ்களில் தலைப்புச் செய்தியைவிட விளம்பரப் பக்கம் உங்களுக்கு அதிகம் உதவும்: துணி விலை, கப்பல் புறப்படும் நாள், காணவில்லை அறிவிப்பு. ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் இதழ், தேதி, பக்கம் எழுதிவையுங்கள். திருத்தும்போது பதிப்பாசிரியர் கேட்பார்.

6. பெரியவர்களிடம் கேட்கும் முறை

“உங்க வீட்ல ஏதாவது ரகசியம் உண்டா?” என்று கேட்டால் கதவு சாத்தப்படும். பொருள்களைப் பற்றிக் கேளுங்கள். “இந்தப் பெட்டி யார் கொண்டுவந்தது, ஆச்சி?” “ரஜூலா கப்பல்ல வந்தப்ப கூட யாரெல்லாம் வந்தாங்க, ஐயா?” பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். ஒரே ஆளைப் பல முறை போய்ப் பாருங்கள். முதல் முறை சொல்வது ஊருக்குச் சொல்லிப் பழகிய கதையாக இருக்கும்.

கிடைத்ததையெல்லாம் அச்சில் ஏற்றிவிட உரிமை இல்லை. பழைய கடிதத்தின் தாள் அதைப் பெற்றவருக்குச் சொந்தம். எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அவதூறு வழக்குக்கு இடமுண்டு. பெயர், ஊர், தொழில் மூன்றையும் மாற்றுங்கள். அதற்கு மேலாக, அந்த ரகசியத்தால் இன்னும் காயப்படக்கூடிய ஒருவர் உயிரோடிருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தக் கதையை விடுங்கள். அக்காலத்தின் ஏற்பாடுகளைப் புரிந்துகொண்டவருக்கு வேறு கதை அமையும்.

7. எழுத்தை வேலையாக நடத்துங்கள்

வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள் தரவு தேடும் நாளையும் எழுதும் நாளையும் பிரித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது சந்தேகம் வந்தால் ஓரத்தில் குறித்துவிட்டு மேலே போங்கள். காப்பகத்துக்குள் ஒளிந்துகொண்டு எழுதாமல் இருப்பது எளிது.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும்; காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேசுங்கள்.

வரிசையில் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம்: நேர்காணலை முதலில் வையுங்கள். 1942இல் பதினைந்து வயதாக இருந்தவர் இன்று நூறை நெருங்குகிறார். காப்பகம் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும். பெரியவரை இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள்.