0.2 ஹெர்ட்ஸ்: கடல் ஏன் நம்ம வயித்தைக் கலக்குது?

செமஸ்டர் லீவு வந்தாச்சு. கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல "பாண்டி போறோம், ஸ்கூபா பண்றோம்"னு ஒரு மெசேஜ் கண்டிப்பா வந்திருக்கும். ரீல்ஸ்ல மீன் கூட்டம் வரும், பவளப்பாறை வரும், பப்பிள்ஸ் வரும். படகு ஓரமா குனிஞ்சு வாந்தி எடுக்கிற நண்பனை மட்டும் எந்த ரீல்ஸும் காட்டாது. அவனைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

என் ஊர் கூனிமேடு. பாண்டியிலேர்ந்து ஈ.சி.ஆர்ல காலாப்பட்டைத் தாண்டி மரக்காணம் உப்பளத்துப் பக்கம் வர்ற வழியில இருக்கு. எங்க கடற்கரையில துறைமுகம், ஜெட்டி எதுவும் கிடையாது. ஃபைபர் படகை மணல்லேர்ந்து தள்ளி, அலையை உடைச்சுக்கிட்டுத்தான் உள்ள போகணும். குப்பத்து அண்ணன்களுக்கு இது தினசரி வேலை. ஆனா லீவுக்கு வர்ற நம்ம பசங்க பாதிப் பேர் பத்தே நிமிஷத்துல வெளுத்துப் போயிடுவாங்க. ரெண்டு பேருக்கும் உடம்பு ஒண்ணுதான், கடலும் ஒண்ணுதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இன்ஜினியரிங் பசங்க நாம, சென்சார்லேர்ந்தே ஆரம்பிப்போம்.

காதுக்குள்ள ஒரு ஐ.எம்.யு

உங்க ஃபோன்ல ஆக்ஸிலரோமீட்டரும் கைரோஸ்கோப்பும் இருக்கு. உங்க உள்காதுலயும் அதே ரெண்டும் இருக்கு. மூணு அரைவட்டக் குழாய்கள் தலை எந்தப் பக்கம் சுழலுதுன்னு அளக்கும். அதுதான் கைரோ. நேர்கோட்டு முடுக்கத்தையும் புவியீர்ப்பையும் அளக்கிறது ஓட்டோலித். அது கால்சியம் கார்பனேட்டால் ஆன குட்டிக் குட்டிப் படிகங்கள். கத்தாழை மீன் சாப்பிட்டிருந்தா அதோட தலையில ரெண்டு வெள்ளைக் கல்லு பார்த்திருப்பீங்க. அதுவும் ஓட்டோலித்துதான். மீனுக்குப் பெருசு, நமக்குத் தூள்.

மூளை இந்த சிக்னலைக் கண்ணோட, தசையோட சிக்னல்களோட சேர்த்து சென்சார் ஃப்யூஷன் பண்ணுது. அதோட விடாம, அடுத்த நொடி என்ன வரும்னு முன்கூட்டியே கணிச்சும் வைக்குது. படகுல என்ன ஆகுது? கண்ணு எதிர்ல இருக்கிற பெஞ்சைப் பார்த்து "எதுவும் நகரல"ன்னு சொல்லுது. காது "மேலயும் கீழயும் போயிட்டிருக்கோம்"னு சொல்லுது. கணிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையில வர்ற இந்தப் பிழை தீராம ஓடிக்கிட்டே இருந்தா குமட்டல் வரும். 1975ல் ரீசன், பிராண்ட் ரெண்டு பேரும் எழுதின புத்தகத்துக்கு அப்புறம் இந்த 'புலன் முரண்' விளக்கம்தான் பரவலா ஏத்துக்கப்பட்டது.

சரி, முரண் வந்தா தலை சுத்தலாம். வயிறு ஏன் காலியாகணும்? 1977ல் டிரைஸ்மன் ஒரு கருத்து சொன்னார். இயற்கையில இந்த மாதிரி சிக்னல் குழப்பம் வர்றதுக்கு முக்கியக் காரணம் விஷம். அதனால மூளை "எதையோ தின்னுட்டான்"னு முடிவு பண்ணி வெளியே தள்ளச் சொல்லுது. இது நிரூபிக்கப்பட்ட உண்மை இல்லை, ஒரு கருதுகோள்தான். ஆனாலும் யோசிக்க வைக்குது.

உள்காதுதான் இதோட மூலம்ங்கிறதுக்கு அருமையான ஒரு சாட்சி உண்டு. 1950களோட கடைசியில அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் வாஷிங்டன்ல இருக்கிற காலடெட் கல்லூரியிலேர்ந்து காது கேளாத 11 பேரைச் சோதனைகளுக்குச் சேர்த்துக்கிட்டாங்க. அதுல 10 பேருக்கு மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனும் போயி, உள்காதோட சமநிலை உறுப்பும் செயலிழந்திருந்தது. கனடாவோட நோவா ஸ்கோஷியா பக்கம் கொந்தளிக்கிற கடல்ல அவங்களைக் கப்பல்ல கூட்டிட்டுப் போனாங்க. அவங்க ஜாலியா சீட்டு விளையாடிக்கிட்டு இருந்தாங்க. சோதனை நடத்தப் போன விஞ்ஞானிகள் வாந்தி எடுத்தே சுருண்டதால சோதனையையே நிறுத்த வேண்டியதாப் போச்சு!

அதனால இது பயம் கிடையாது, பலவீனமும் கிடையாது. சென்சார் நல்லா வேலை செய்யுதுங்கிறதுக்கு அடையாளம். பீகிள் கப்பல்ல 1831 டிசம்பர்ல கிளம்பின டார்வின், ஐந்து வருஷப் பயணத்துல கடல் கொந்தளிச்சப்பல்லாம் இதே பாடுதான் பட்டார். படுத்துக்கிட்டு உலர்திராட்சை சாப்பிட்டுத்தான் சமாளிச்சார்.

ஒரு சின்னக் கணக்கு

எல்லா ஆட்டமும் வாந்தி வரவைக்காது. பைக்ல மேடு பள்ளத்துல குலுங்கினா முதுகுதான் வலிக்கும். மேல கீழ ஆடுற ஆட்டத்துல மனுஷனை அதிகமா வாட்டுறது 0.2 ஹெர்ட்ஸ், அதாவது 5 விநாடிக்கு ஒரு ஆட்டம். அதிர்வு பத்தின ஐ.எஸ்.ஓ 2631-1 தரநிலை இதுக்குன்னே 'மோஷன் சிக்னஸ் டோஸ்'னு ஒரு அளவு வெச்சிருக்கு. அதிர்வெண்ணுக்கு ஏத்தபடி எடை போட்ட முடுக்கத்தோட ஆர்.எம்.எஸ் மதிப்பை, விநாடியில சொன்ன நேரத்தோட வர்க்கமூலத்தால பெருக்கணும். வர்ற எண்ணை மூணால வகுத்தா, கடல் பழக்கமில்லாத 100 பேர்ல தோராயமா எத்தனை பேர் வாந்தி எடுப்பாங்கன்னு கிடைக்கும்.

போட்டுப் பார்ப்போம். அலை உயரம் 1 மீட்டர், அதனால வீச்சு 0.5 மீட்டர். அலைக்காலம் 5 விநாடி. சின்னப் படகு அலையோடவே ஏறி இறங்கும்னு வெச்சுக்கலாம். உச்ச முடுக்கம் 0.79 மீ/வி². ஆர்.எம்.எஸ் 0.56. இந்த அதிர்வெண்ணுக்கு எடை கிட்டத்தட்ட 1. ஒரு மணி நேரம்னா 3600 விநாடி, வர்க்கமூலம் 60. டோஸ் சுமார் 33.5. மூணால வகுத்தா 11 பேர். ரெண்டு மணி நேரம் ஆனா 16 பேர்.

அதே 1 மீட்டர் அலை, ஆனா அலைக்காலம் 10 விநாடின்னா? முடுக்கம் நாலுல ஒரு பங்காயிடும். 0.1 ஹெர்ட்ஸுக்கு எடையும் சுமார் 0.7தான். விடை 100க்கு 2 பேர்!

கவனிச்சீங்களா? அலை உயரம் மாறவே இல்லை. இது மேல கீழ ஆட்டத்துக்கு மட்டும் போட்ட கணக்கு. பக்கவாட்டு ஆட்டம், இன்ஜின் புகை, வெயில் எல்லாம் இதுக்கு மேல சேரும். குமட்டல் மட்டும் வர்றவங்க எண்ணிக்கை இன்னும் அதிகமா இருக்கும். ஆனா ஒரு பாடம் தெளிவு: ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடுற கடல்நிலை முன்னறிவிப்பைப் பார்க்கும்போது அலை உயரத்தை மட்டும் பார்க்காதீங்க, அலைக்காலத்தையும் பாருங்க. மதியத்துக்கு மேல கடல்காத்து வலுத்தா குட்டை அலை கூடும். அதனால காலை முதல் படகுல இடம் பிடிங்க. வடகிழக்குப் பருவமழை சீசன்ல வாடைக்காத்து அடிக்கிறப்போ இந்தக் கடற்கரைப் பக்கம் டைவ் பிளானே வேண்டாம்.

தண்ணிக்குள்ள போனா சரியாயிடுமா?

பெரும்பாலும் ஆமா. அலையோட ஆட்டம் ஆழம் போகப் போக எக்ஸ்பொனென்ஷியலா குறையும். 5 விநாடி அலையோட நீளம் ஆழ்கடல்ல சுமார் 39 மீட்டர். 5 மீட்டர் ஆழத்துல மேல இருக்கிற ஆட்டத்துல 45 சதவீதம் மிச்சம் இருக்கும், 10 மீட்டர்ல 20 சதவீதம், 18 மீட்டர்ல 6 சதவீதத்துக்கும் கீழ. அதனாலதான் படகுல சோர்ந்து கிடந்தவன் கீழ போனதும் தெளிஞ்சிடுறான். (முதல் தடவை போறவங்களுக்கான அறிமுக டைவ்ல அதிகபட்சம் 12 மீட்டர்தான்.) ஆனா 10 விநாடி நீள அலை வந்தா இந்தச் சலுகை குறையும். அது பாண்டிப் பக்கத்து ஆழத்துல தரை வரைக்கும் முன்னும் பின்னும் இழுக்கும்.

ஆபத்து மூணு இடத்துல காத்திருக்கு. ஒண்ணு, இறங்குற நேரம். சுத்தியும் ஒரே நீலம், கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. இறங்கு கயிறைப் பிடிச்சு அதையே பார்த்து இறங்குங்க. ரெண்டு காதுலயும் அழுத்தம் சமமாகலைன்னாலும் தலை சுத்தும், அதனால மெதுவா. ரெண்டு, ஏறும்போது 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்கிற பாதுகாப்பு நிறுத்தம். பாதி ஆட்டம் அங்கேயே திரும்பி வந்துடும். மூணு, ரெண்டு டைவுக்கு நடுவுல நங்கூரம் போட்ட படகுல உட்கார்ந்திருக்கிற ஒரு மணி நேரம். இதுதான் மோசம். மேல போட்ட கணக்கே அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான்.

முந்தின நாள்லேர்ந்து செய்ய வேண்டியது

முந்தின ராத்திரி பாண்டி. சொல்லாமலே புரியும். ஆல்கஹால் அரைவட்டக் குழாய்க்குள்ள இருக்கிற மென்சவ்வோட அடர்த்தியையே மாத்திடும். சென்சாரை நீங்களே கெடுத்துட்டுப் படகு ஏறுற மாதிரி. கூடவே நீர்ச்சத்தும் போகும். டைவுக்கு முந்தின ராத்திரி தொடவே வேண்டாம்.

காலையில வெறும் வயித்தோட போகாதீங்க, பூரியும் வேண்டாம். ரெண்டு மணி நேரம் முன்னாடி ரெண்டு மூணு இட்லி போதும். தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருங்க.

பஸ்ல விக்கிற இஞ்சி மொரப்பா? வாங்கிக்கோங்க. 1988ல் வெளிவந்த ஒரு ஆய்வுல டென்மார்க் கடற்படைப் பயிற்சி வீரர்கள் 80 பேரை வெச்சு நடுக்கடல்ல சோதிச்சாங்க. 1 கிராம் இஞ்சிப் பொடி எடுத்தவங்களுக்கு வாந்தியும் குளிர்வியர்வையும் குறைஞ்சது. குமட்டல்ல பெரிய வித்தியாசம் தெரியல. ஆக இஞ்சி துணைக்குத்தான், அதையே முழுசா நம்ப முடியாது.

மாத்திரைன்னா அவோமின், ஸ்டுஜெரான் பேருங்க எல்லா மெடிக்கல்லயும் கேட்கும். இதுல மூணு விஷயம் முக்கியம். முதல்ல, குமட்டல் ஆரம்பிச்ச பிறகு போட்டா பலன் குறைவு, ஏன்னா வயிறு மருந்தைக் கீழ அனுப்புறதையே நிறுத்திடும். கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும். ரெண்டாவது, இதுங்க தூக்கம் வரவைக்கும், முக்கியமா அவோமின். தூக்கக் கலக்கத்துல கேஜ் பார்க்கிறது, சிக்னல் கொடுக்கிறது எல்லாம் தாமதமாகும். அதனால டாக்டர்கிட்ட "ஸ்கூபா பண்ணப் போறேன்"னு சொல்லியே கேளுங்க. எந்த மருந்தையும் முதல் தடவை படகுல போட்டுப் பார்க்காதீங்க, வீட்ல ஒரு நாள் போட்டு உடம்பு எப்படி ஏத்துக்குதுன்னு பாருங்க. மூணாவது, சாதாரண வாந்திக்குக் கொடுக்கிற எமிசெட், பயணக் குமட்டலுக்குக் கைகொடுக்காது. அது வேலை செய்யுற பாதையே வேற.

படகுல ஏறினப்புறம் ஃபோனை உள்ள வைங்க. கேமரா செட்டிங், மாஸ்க் பட்டை, பெல்ட் எல்லாம் கரையிலேயே முடிச்சிடுங்க. படகு நடுவுல, தாழ்வா உட்காருங்க. முன்முனைதான் அதிகம் ஆடும். இன்ஜின் புகை மூஞ்சில அடிக்காத பக்கம் பாருங்க. வெட்சூட்டை இடுப்பு வரைக்கும் மட்டும் போட்டுக்கிட்டு, குதிக்கிற நேரத்துல மீதியை ஏத்துங்க. சூடேறினா குமட்டல் கூடும். கண்ணு அடிவானத்துலயோ கரையிலயோ இருக்கட்டும். எங்க ஊர் அண்ணன்கள் புதுசா வர்றவனுக்குச் சொல்றது ஒரே வரிதான்: "தண்ணியப் பாக்காத, கரையப் பாரு." மூச்சை மெதுவா, ஆழமா இழுத்து விடுங்க. வந்துடுச்சுன்னா காத்து போற பக்கம் குனிஞ்சு எடுங்க. எதிர்க்காத்துல எடுத்தா பக்கத்துல இருக்கிறவன் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டான்.

குப்பத்து அண்ணன்களுக்கு ஏன் வர்றதில்லைன்னா, அவங்க மூளை அந்த ஆட்டத்தைக் கத்துக்கிச்சு. தொடர்ந்து ரெண்டு மூணு நாள் கடல்ல இருந்தா பெரும்பாலானவங்களுக்கு இந்தப் பழக்கம் வந்துடும். ஒரு நாள் டிரிப்ல அதுக்கு நேரம் கிடைக்காது.

தண்ணிக்கடியில வாந்தி வந்தா

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிங்க. ரெகுலேட்டரை வாயிலேர்ந்து எடுக்காதீங்க. கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, அதுக்குள்ளேயே வாந்தி எடுங்க. அது வெளியேறிடும். பர்ஜ் பட்டனை அழுத்திச் சுத்தம் பண்ணிட்டு, ஜாக்கிரதையா அடுத்த மூச்சு. காரணம் எளிமையானது: வாந்தி எடுத்த அடுத்த நொடி உடம்பு தானா மூச்சை உள்ள இழுக்கும். அப்போ வாயில ரெகுலேட்டர் இல்லைன்னா உள்ள போறது கடல் தண்ணி. பயந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல பாயவும் கூடாது. 10 மீட்டர்லேர்ந்து மேல வந்தா நுரையீரல்ல இருக்கிற காத்து ரெண்டு மடங்கா விரியும், நுரையீரலே கிழியலாம். உள்ளங்கையை விரிச்சு இடம் வலம் ஆட்டினா "ஏதோ சரியில்லை"ன்னு அர்த்தம். கட்டைவிரலை உயர்த்தினா "மேல போகலாம்". அங்க அது லைக் கிடையாது!

இதையெல்லாம் விட முக்கியமான முடிவு படகுலயே எடுக்க வேண்டியது. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தவன் அன்னைக்கு இறங்கக் கூடாது. நீர்ச்சத்து குறைஞ்ச உடம்புல டிகம்ப்ரஷன் நோய் வர்ற வாய்ப்பும் கூடலாம். இங்கதான் நம்ம பசங்க மாட்டிக்கிறாங்க. காசு கட்டியாச்சு, எல்லாரும் இறங்குறாங்க, "என்னடா இதுக்கே இப்படி"ன்னு ஒருத்தன் கிண்டல் பண்ணுவான். உடனே இவன் வாயைத் துடைச்சுக்கிட்டு "ஐ ஆம் ஓகே"ன்னு சொல்லிடுவான். டைவிங் உலகத்துல ஒரு பழைய விதி இருக்கு: யாரும், எப்போ வேணும்னாலும், எந்தக் காரணமும் சொல்லாம டைவை நிறுத்திக்கலாம். கேள்வி கேட்கக் கூடாது. டிரிப் போறதுக்கு முந்தின நாளே உங்க கேங்ல இதைப் பேசி முடிவு பண்ணிடுங்க. புக் பண்றப்பவே "உடம்பு முடியலைன்னா வேற நாள் தருவீங்களா"ன்னு கேட்டு வைங்க. அப்போ காசு போகுமேன்னு யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

படகுல திடீர்னு ஒருத்தன் அமைதியாயிட்டான், கொட்டாவி விடுறான், முகம் வெளுத்து வேர்க்குதுன்னா அவனாச் சொல்லட்டும்னு காத்திருக்காதீங்க. பக்கத்துல போய் உட்கார்ந்து, டைவ் மாஸ்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.