மாலத்தீவுக்கு வேலைக்குப் போகும் மகளுக்கு

தூத்துக்குடி

அன்பு மகள் செல்விக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். மாலத்தீவுப் பள்ளியில் உனக்கு வேலை கிடைத்ததாக உன் அம்மா சொன்னாள். மனம் நிறைந்துவிட்டது. அங்கே சில காலம் கணக்கு டீச்சராக இருந்தவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

நீ படங்களில் பார்த்த நீலக் கடலும் தண்ணீர் மேல் நிற்கும் குடில்களும் விடுதித் தீவுகளுக்கு உரியவை. 1972இல் குரும்பா விடுதியில் தொடங்கிய சுற்றுலாத் தொழில்தான் இன்று அந்த நாட்டுக்குச் சோறு போடுகிறது. ஆனால் விடுதித் தீவு வேறு, மக்கள் குடியிருக்கும் தீவு வேறு. நீ போவது இரண்டாவதற்கு. ஏறத்தாழ 1,190 தீவுகளில் 200க்கும் குறைவானவற்றில்தான் ஊர் உண்டு. எல்லா நிலத்தையும் சேர்த்தாலும் 300 சதுர கிலோமீட்டர்தான். நம் சென்னை மாநகராட்சியின் பரப்புகூட வராது. அந்த நிலம் வடக்கிலிருந்து தெற்கே 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கிறது. அந்த நாட்டின் கஷ்டங்களில் பாதிக்கு இந்தத் தூரம்தான் காரணம். ஒவ்வொரு ஊருக்கும் தனியாக ஒரு மின்நிலையம், ஒரு சுகாதார நிலையம், ஒரு பள்ளி, ஒரு படகுத்துறை வேண்டும். நூறு வீடு இருந்தாலும் வேண்டும், ஆயிரம் வீடு இருந்தாலும் வேண்டும்.

போன முதல் நாளே தண்ணீரைப் பற்றிக் கேட்டுக்கொள். அங்கே ஆறே இல்லை, ஏரியும் மிக அரிது. மணலுக்கடியில் மழைநீர் மெல்லிய படலமாக, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். 2004 சுனாமியில் பல தீவுகளில் கிணறுகள் கெட்டன. ரா என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் கந்தொல்ஹுதூ என்ற ஊரே கைவிடப்பட்டு, மக்கள் துவாஃபருவில் புதிதாகக் குடியேறினார்கள். அதனால் வீடுதோறும் கூரையிலிருந்து மழைநீர் பிடிக்கும் தொட்டியைப் பார்ப்பாய். குடிக்க அது, குளிக்கவும் துவைக்கவும் கிணறு என்று பிரித்து வைத்திருப்பார்கள். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரமும் இப்போது பல ஊர்களுக்கு வந்துவிட்டது. அதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைத் தலைநகர் மாலே 2014 டிசம்பர் 4 அன்று பார்த்தது. அங்கே கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்து ஒரு லட்சம் பேருக்கு மேல் குடிநீர் நின்றுபோனது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. குழாயைத் திறந்துவைத்துப் பல் துலக்கும் பழக்கம் இருந்தால் இங்கேயே விட்டுவிட்டுப் போ.

மின்சாரம் பெரும்பாலும் டீசலில் ஓடும் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. அந்த டீசலும் கப்பலில்தான் வரவேண்டும். மீனும் தேங்காயும் போக அரிசி, மாவு, பருப்பு, முட்டை எல்லாமே அப்படித்தான். நம் ஊர்த் துறைமுகத்திலிருந்து தோணிகளில் ஏறும் வெங்காயத்தையும் காய்கறியையும் அங்கே கடையில் பார்க்கும்போது உனக்கே ஆச்சரியமாக இருக்கும். கடல் கொந்தளித்தால் கடை அலமாரி காலியாகும். அப்போது மீனையும் ரொட்டியையும் சாப்பிடப் பழகிக்கொள். சூரை மீனைத் தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கிறவர்கள் அவர்கள். நம் கடற்கரை வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசி, அவர்களுடைய பழம்பெரும் ஏற்றுமதி.

காற்றையும் படகையும் அறிந்து நட. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குக் காற்றில் கடல் கடுமையாக இருக்கும். அவர்களின் பழைய காலக்கணக்கு நம்முடைய 27 நட்சத்திரங்களை ஒட்டியது. ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று, பதினான்கு நாள். எந்த நாளில் காற்று திரும்பும், எந்த நாளில் மீன் வரும் என்று வயதானவர்கள் அதை வைத்துச் சொல்வார்கள். கேட்டுக்கொள். வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை படகு ஓடாது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடு.

உடம்பு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஊரில் சிறிய வைத்தியம்தான். பெரியதென்றால் வேகப்படகில் மண்டல மருத்துவமனைக்கோ, மாலேயில் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனைக்கோ போகவேண்டும். பல்லையும் கண்ணையும் இங்கேயே காட்டிவிட்டுக் கிளம்பு. மருந்து கொண்டுபோனால் மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படி. வீட்டு வாடகை யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கு. பாஸ்போர்ட்டை எவர் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதே.

அது முழுக்க இஸ்லாமிய நாடு. வழிபாட்டுக்கான விக்கிரகத்தை உள்ளே கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்காது. அம்மா பிள்ளையாரைப் பெட்டியில் வைத்தால் எடுத்து வெளியே வை; சாமி மனசில் இருந்தால் போதும். ஒழுங்காக உடுத்து. நோன்பு மாதத்தில் பகலில் பிறர் முன் சாப்பிடாதே. இவ்வளவு செய்தால் அந்தப் பெண்கள் உன்னைத் தங்கை மாதிரி வைத்துக்கொள்வார்கள். மாலையில் வாசலில் கயிறு பின்னிய ஜோலி நாற்காலிகளில் உட்கார்ந்து பேசுவார்கள். கூப்பிட்டால் அறைக்குள் ஒதுங்காமல் போய் உட்கார். அவர்கள் மொழியான திவெஹி அங்கேதான் வரும்.

வகுப்பில் ஒன்றை மட்டும் சொல்லிவிடாதே: "உங்கள் நாடு மூழ்கப்போகிறதாமே?" மிக உயர்ந்த இயற்கை நிலமே இரண்டரை மீட்டரைத் தொடாத நாடு அது. கடல் ஏறுவதைக் கரை அரிப்பில் தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்லவேண்டியதில்லை. மேட்டு நிலம் வேண்டும் என்று கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்ற தீவை எழுப்பியவர்கள் அவர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் மேலே படிக்கப் பல பிள்ளைகள் ஊரை விட்டே போகவேண்டியிருக்கிறது. நாட்டு மக்களில் ஐந்தில் இருவர் மாலே நகருக்குள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். வாடகையிலேயே சம்பளம் கரைகிறது. ஊர்ப் பள்ளி நன்றாக இருந்தால் சில குடும்பங்களாவது ஊரில் தங்கும். அந்தப் பள்ளிகளில் பாதி வருடத்தில் பெட்டியைக் கட்டும் வெளிநாட்டு ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு நல்ல சம்பளத்துக்கு வேறிடம் கிடைத்திருக்கும், சிலர் தனிமை தாங்காமல் போயிருப்பார்கள். அடுத்த ஆசிரியர் வர மாதங்கள் ஆகும். அதுவரை பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு யார் சொல்லித்தருவது?

ஆகவே செல்வி, போவதென்றால் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை இருப்பேன் என்று உறுதி எடுத்துக்கொண்டு போ. அது முடியாதென்று தோன்றினால் இப்போதே அவர்களுக்கு எழுதிச் சொல்லிவிடு. வேறொருவரை அவர்கள் தேடிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
பெரியம்மா