எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் தமிழ்

கணினியும் தமிழும் என்று தலைப்புக் கொடுத்தால் நம் ஆண்டு மலரில் ஒருங்குறி, விசைப்பலகை, இணையம் என்றுதான் கட்டுரைகள் வரும். நான் எடுத்துக்கொண்ட பொருள் சட்டைப்பையில் அடங்கிவிடும் அளவு சின்னது: கேசட் செருகி விளையாடும் பழைய கையடக்க விளையாட்டுக் கருவி. (கார்ட்ரிட்ஜ் என்பதே சரியான பெயர். எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் கேசட் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.) அதன் திரையில் தமிழை எழுத முடியுமா, முடியுமென்றால் எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விளையாட்டுத்தனமான கேள்வி என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டில் அது அப்படி இல்லை.

என் தாய்மாமா பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். இன்று அங்கே பால்மரம் ஒன்றுகூட இல்லை; பாதி செம்பனை, பாதி தாமான். 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் லயத்துக்கு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரில் இருந்துதான் வந்ததாம். மாலை 6 மணிக்கு ஓடத் தொடங்கினால் இரவு 10 மணிக்கு நின்றுவிடும். அப்போது பட்டணத்துப் பிள்ளைகளிடம் தொலைக்காட்சியில் இணைக்கும் ‘மைக்ரோ ஜீனியஸ்’ இருந்தது. லயத்தில் அதை வைத்து விளையாடினால் பத்து மணிக்கு ஆட்டம் பாதியில் போய்விடும். 4 பேட்டரியில் ஓடும் ‘கேம் பாய்’ ஜெனரேட்டரை நம்பவில்லை. படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்திவிட்டு ஈப்போவில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த மாமா, முதல் சம்பளத்தில் பழைய கேம் பாய் ஒன்றையும் ஒரே ஒரு கேசட்டையும் வாங்கினார். கேசட் முழுக்க ஜப்பானிய மொழி.

மாமாவுக்குத் தமிழ் நன்றாக எழுத வரும், மலாய் பேச வரும். ஜப்பானிய மொழிக்கு என்ன செய்வது? ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். தோட்டத்து மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தக் கையளவுப் புத்தகத்தை நம் பெற்றோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் திரையில் கண்ட ஜப்பானிய எழுத்தைப் படமாக வரைந்து, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதினார். “இது மருந்து.” “இது கத்தி.” “இவனிடம் பேசினால் கதவு திறக்கும்.” ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில்: “இதைத் தொடாதே. எல்லாம் போய்விடும்.” சேமித்த ஆட்டத்தை அழிக்கும் கட்டளை அது. எத்தனை முறை தொட்ட பிறகு சிவப்பு மைக்குப் போனார் என்று அவர் சொல்லவில்லை.

ஆக, அந்தக் கேசட்டுக்கு ஒரு தமிழ் அகராதி இருந்திருக்கிறது. அது கேசட்டுக்குள் இல்லை, கடன் புத்தகத்தில் இருந்தது. உள்ளே போக இடமில்லாமலா வெளியே நின்றது? இதைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பினேன்.

கேசட்டுக்குள் என்ன இருக்கிறது

கேசட் மாற்றி விளையாடும் கையடக்கக் கருவி கேம் பாயுடன் பிறந்ததன்று. 1979-இல் அமெரிக்காவில் ‘மைக்ரோவிஷன்’ வந்தது. அதில் செயலியே கேசட்டுக்குள் இருந்தது. திரை வெறும் 16-க்கு 16 புள்ளி. நிண்டெண்டோ நிறுவனத்தில் குன்பெய் யோகோய் குழு உருவாக்கிய கேம் பாய் ஜப்பானில் 1989 ஏப்ரல் 21-இல் விற்பனைக்கு வந்தது. இதில் செயலி கருவியில் இருக்கும். கேசட்டில் இருப்பது படிக்க மட்டுமே முடிகிற ரோம் நினைவகம். செயலியால் ஒரு நேரத்தில் கேசட்டின் 32 கிலோபைட்டை மட்டுமே பார்க்க முடியும். ‘டெட்ரிஸ்’ அந்த 32-க்குள் அடங்கியது. அதைவிடப் பெரிய ஆட்டங்களில், 16 கிலோபைட் பக்கங்களைப் புத்தகம்போல் புரட்டிக் காட்ட இன்னொரு சில்லு கேசட்டிலேயே இருக்கும்.

கருவியைப் போட்டதும் நிறுவனத்தின் பெயர் மேலிருந்து இறங்கி வருமே, அது அலங்காரத்துக்கு மட்டும் அன்று. அந்தப் படத்தின் 48 பைட் கேசட்டில் இருந்துதான் படிக்கப்படுகிறது. கருவிக்குள் இருக்கும் இன்னொரு படியோடு அது ஒத்துப்போனால்தான் ஆட்டம் தொடங்கும். கேசட்டின் உலோகப் பற்களில் அழுக்கு ஏறி எதையுமே படிக்க முடியாமல் போனால் எல்லாம் ஒன்று, ஒன்று என்றே வரும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை இறங்கும். உடனே நாம் கேசட்டை எடுத்து ஊதுவோம். ஊதியதும் சரியாவதற்குக் காரணம் பெரும்பாலும் கழற்றி மறுபடி செருகியதுதான். மூச்சின் ஈரம் நாளடைவில் பற்களை அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக்குச்சி போதும். ஈப்போ ‘பசார் காராட்’டில் கேசட் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சேமித்த ஆட்டம் ரோமில் இருக்காது. அது ஒரு சிறிய ராம் நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் நின்றால் ராம் மறந்துவிடும் என்பதால், கேசட்டுக்குள் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். இது பல்லாண்டு தாங்கும், நிரந்தரமில்லை. மாமாவின் கேசட்டில் இருந்த ஆட்டம் 30 ஆண்டுக்கு மேல் உயிரோடிருந்தது வியப்புத்தான். பேட்டரியைக் கழற்றினால் சேமித்தது போய்விடும் என்பதால், கேசட் படிக்கும் கருவியைக் கணினியில் இணைத்து முதலில் அதைப் படியெடுத்தேன். பிறகு புதுப் பேட்டரியைப் பற்றவைத்து, படியைத் திரும்ப ஏற்றினேன். இந்த வரிசையை மாற்றக்கூடாது. திறந்து பார்த்தபோது நாயகனின் பெயர் ஒரே எழுத்து நான்கு முறை. பெயர் கேட்ட திரையில் மாமா எதுவும் புரியாமல் முதல் எழுத்தையே நான்கு முறை அழுத்தியிருக்கிறார். ஜப்பானிய எழுத்து வரிசையின் முதல் எழுத்து என்ன தெரியுமா? அகரம். அவர்களுடைய வரிசை இந்திய எழுத்து வரிசையின் செல்வாக்கில் அமைந்தது. ஆக மாமா தம்மையறியாமல் தமிழ் நெடுங்கணக்கின் முதல் ஒலியைத்தான் பெயராக வைத்திருக்கிறார்.

247-ஐ எங்கே வைப்பது

இனி எழுத்துக்கு வருவோம். கேம் பாய் திரை 160-க்கு 144 புள்ளி. இந்தக் கருவி புள்ளி புள்ளியாக வரையாது. 8-க்கு 8 புள்ளி கொண்ட கட்டங்களைப் பால்மர நிரைபோல் அடுக்கும். குறுக்கே 20, நெடுக்கே 18. ஒரு கட்டத்துக்கு 16 பைட் செலவாகும். திரைக்கான நினைவகத்தில் ஒரே நேரத்தில் 384 கட்டங்களுக்கே இடமுண்டு.

ஆங்கில எழுத்து ஒரு கட்டத்தில் அடங்கும். ஜப்பானியரின் ஹிரகானாவும் அடங்கும். அடிப்படை எழுத்து 46 மட்டுமே. ‘கல்’லில் வரும் ககரத்தைக் ‘காந்தி’யில் வரும் ககரமாக்க அவர்கள் எழுத்தின் தலையில் இரண்டு சிறு கோடு போடுவார்கள். பழைய ஆட்டங்களில் அந்தக் கோடுகளைத் தனிக் கட்டமாக மேல் வரிசையில் வைத்திருப்பதைக் காணலாம். 1986-இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ இடத்தை மிச்சப்படுத்தக் கத்தகானாவில் சில எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு சொற்களை அமைத்தது. கருவி சின்னது என்று அவர்கள் மொழியை விட்டுவிடவில்லை. மொழியை மடித்து உள்ளே வைத்தார்கள்.

தமிழில் ட, ப, ர எட்டுப் புள்ளி அகலத்துக்குள் நிற்கும். ஞ, ண, ஐ நிற்கா. எனவே ஓர் எழுத்துக்கு 16-க்கு 16 புள்ளி, அதாவது 4 கட்டம் என்று வைத்துக்கொண்டேன். 247 எழுத்தையும் வரைய வேண்டியதில்லை. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு என 4 குறிகள் தனியே நிற்பவை. ஔகாரத்தை ஒகரத்தோடு ளகர வடிவத்தைச் சேர்த்துக் காட்டிவிடலாம். ஆகவே உயிர் 11, ஆய்தம் 1. மெய், அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஆகிய 6 வடிவம் 18 எழுத்துக்கும் வேண்டும்: 108. ஆக மொத்தம் 124 வடிவம். நான்கால் பெருக்கினால் 496 கட்டம். திரை நினைவகத்தின் 384-ஐ மிஞ்சிவிட்டது.

இங்கேதான் “முடியாது” என்று நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் எல்லா எழுத்தும் ஒரே நேரத்தில் திரைக்கு வருவதில்லையே. எழுத்துகள் கேசட்டில் இருக்கட்டும். இப்போதைய வாக்கியத்துக்கு வேண்டியவற்றை மட்டும் திரை நினைவகத்துக்குக் கொண்டுவரலாம். வரிக்கு 10 எழுத்து, 3 வரி என்றால் 120 கட்டம்தான். கேசட்டில் 496 கட்டமும் பிடிக்கும் இடம் 7,936 பைட். ஒரு 16 கிலோபைட் பக்கத்தில் பாதிகூட இல்லை! இடப் பஞ்சம் என்பது பொய்க்காரணம். 1989-லேயே தமிழ் உள்ளே போயிருக்கலாம். விற்கலாம் என்று எவரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

கிரந்தத்தைச் சேர்ப்பதா என்று பேரவையில் கேட்டேன்; கேட்காமலே இருந்திருக்கலாம், ஒரு மாலை முழுதும் போயிற்று. என் கருத்து: நம் நாட்டில் ‘ஜாலான்’ என்று எழுத ஜகரம் வேண்டும். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்தின் 6 வடிவமும் ஸ்ரீயும் சேர்ந்து இன்னும் 31. மொத்தம் 9,920 பைட். அப்போதும் ஒரு பக்கத்துக்குள்தான்.

மெய்யின் புள்ளியை ஜப்பானியர்போல் மேல் கட்டத்தில் வைத்தும் பார்த்தேன். 18 வடிவம் மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் 8 புள்ளி உயரம் கூடி, 9 வரி வரும் திரையில் 6 வரிதான் வருகிறது. புள்ளியும் தலைக்கு மேல் கொசுபோல் தனியாக நிற்கிறது. கைவிட்டேன்.

ஒருங்குறியில் ‘கெ’ என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்று பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது கணினியின் வேலை. கேம் பாயில் அந்த வேலைக்கு ஆளில்லை. எனவே பழைய திஸ்கி முறைபோல், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கினேன். சின்னத் திரையில் தமிழ் என்பது நமக்குப் புதிதன்று. 1985-இல் முரசு மென்பொருளைத் தந்த நம் நாட்டு முத்து நெடுமாறன், 2005-இல் செல்லினத்தின் வழி கைப்பேசிக் குறுஞ்செய்தியில் தமிழைக் கொண்டுவந்தார். நாம் அன்றாடம் தட்டும் எழுத்துக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

பத்து எழுத்து வரி

எழுத்து அடங்கிய பிறகு சொல் அடங்க வேண்டும். “விளையாட்டைத் தொடரவும்” என்று எழுதினால், கொம்பையும் காலையும் தனித்தனியே எண்ண, இடைவெளியோடு 17 இடம். திரையில் வரிக்கு இருப்பதோ 10. “தொடர்” என்றால் 5. “சேமிக்கவும்” 7, “சேமி” 3. “அழி” 2. தமிழில் வினைப்பகுதியே ஏவல் ஒருமையாக நிற்கும் என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். அந்த விதி இவ்வளவு சிக்கனமானது என்பது எனக்கு இங்கேதான் தெரிந்தது. மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று ஒரு தோழி கேட்டார். பட்டியலில் இருப்பவை கருவி நமக்கு இடும் கட்டளைகள் அல்ல, நாம் கருவிக்கு இடுபவை. கருவிக்கு ஒருமை போதும்.

555 புத்தகத்தில் இருந்த சொற்களையே கூடியவரை பயன்படுத்தினேன். சிவப்பு மை வாக்கியம்தான் தொல்லை கொடுத்தது. “இதைத் தொடாதே” என்பதை எண்ணிப் பாருங்கள்: 12 இடம். இரண்டு மிஞ்சுகிறது. “இதை” ஒரு வரியிலும் “தொடாதே” அடுத்த வரியிலுமாகப் பிரித்துவிட்டேன், ஒற்றும் விடுபட்டது. இலக்கண விரிவுரையாளர்கள் பொறுத்தருள்க.

எழுதி முடித்ததை, மீண்டும் மீண்டும் எழுதத்தக்க வெற்றுக் கேசட்டில் ஏற்றினால் 1989-ஆம் ஆண்டுக் கருவியிலேயே ஓடுகிறது. பழைய கருவி கிடைக்காதவர்களுக்கும் வழியுண்டு. 2021 டிசம்பரில் வந்த ‘அனலாக் பாக்கெட்’டும் 2024-இல் வந்த ‘மாட்ரெட்ரோ குரோமாட்டிக்’கும் கேம் பாய் கேசட்டை அப்படியே ஏற்கும். அனலாக் பாக்கெட்டின் திரை 1600-க்கு 1440. பழைய புள்ளி ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்தாகப் பெருகுவதால், மங்கலான பழைய திரையில் மறைந்துகொண்ட பிழையெல்லாம் பளிச்சென்று தெரியும். என் ழகரத்தின் வால் அதில் மண்புழு போல இருக்கிறது. ஸ்ரீ 16 புள்ளி அகலத்துக்குள் இன்னும் அடங்கவில்லை. வரைந்து பார்க்க விரும்பும் தம்பி தங்கையர் பேரவை அறைக்கு வரலாம். கட்டத்தாளும் பென்சிலும் நான் தருகிறேன்.