வித்தும் நிலமும்
(ஆண் மலட்டு நீக்கத்திற் பரம்பரையலகு)

மகப்பேறு வாயாத மனையில் 'மலடி' என்னுஞ் சொல்லே முதலில் எழுகின்றது. அதற்கு நிகரான ஆண்பாற் சொல்லை நாம் எத்துணை முறை கேட்டிருக்கின்றோம்? ஏறத்தாழ நூறு ஆடவருள் ஒருவர்க்கு விந்திலே உயிரணு ஒன்றேனுங் காணப்படுவதில்லை. இவருட் சிலர்க்குக் காரணம் பரம்பரையலகிலுள்ள பழுதே. பழுதுற்றதற்கு ஈடாக நல்ல அலகொன்றை உட்செலுத்தல் கூடுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

பெண் நிலம், ஆண் வித்து என்பது பழைய உவமை. ஆணின் விரைக்குள்ளேயே வித்தும் நிலமும் ஒருங்கே உள. விரையின் நுண்குழாய்களில் விந்தணுவைத் தோற்றுவிக்கும் மூலக்கலங்கள் வித்து. அவற்றைத் தாங்கி ஊட்டுஞ் சேர்ட்டோலிக் கலங்கள் நிலம்.

சுண்டெலிகளுள் ஒருவகைக்கு நிலமே பழுது. சேர்ட்டோலிக் கலத்தின் மேற்பரப்பில் இருத்தற்குரிய புரதமொன்று இன்மையால், மூலக்கலம் இருந்தும் விந்தணு முதிர்வதில்லை. 2000ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாவிற் பிறின்ஸ்ரர் குழுவினர், இவ்வெலிகளின் மூலக்கலங்களை எடுத்து, வித்துப் பழுதாகி நிலம் நன்றாயிருந்த வேறு மலட்டெலிகளில் இட்டனர். அவை தந்தையாயின. 2002இற் கலிபோணியாவின் சோல்க் நிலையத்தார் நிலத்தையே திருத்த முனைந்தனர். முதலில் ஆய்ந்த அடினோவைரசு நஞ்சாயிற்று. பின்னர் லென்ரிவைரசு என்னும் இனத்தை ஊர்தியாக்கி, குறைந்த அலகை நுண்குழாய்களுட் செலுத்தினர். சோதித்த விரைகள் அனைத்திலும் விந்தணு விளையத் தொடங்கிற்று. அவற்றை முட்டையினுள் ஊசியாற் செலுத்த, நலமான குட்டிகள் பிறந்தன.

அக்குட்டிகளுள் ஒன்றேனும் புகுத்தப்பட்ட அலகைக் கொண்டிருக்கவில்லை. நாம் பெரிதாக மதிப்பது இதனையே. நிலத்திலிட்ட மருந்து நிலத்தோடு நின்றது. வித்திலே இட்டாலோ கதை வேறு. 2001இல் எலியின் மூலக்கலங்களில் வைரசு வழியே புகுத்திய அலகு, குட்டிக்கும் அதன் வழித்தோன்றல்களுக்குஞ் சென்றது. சிகிச்சையிற் பிழை நேரின், அதனைச் சுமப்பவர் இன்னும் பிறவாதவர். அவரிடம் இசைவு கேட்பது எங்ஙனம்? வழித்தோன்றல்களின் பரம்பரையலகை மாற்றும் நோக்கமுடைய செயலை ஐரோப்பிய நாடுகளின் 1997ஆம் ஆண்டு ஒவியேடோ உடன்படிக்கை விலக்கியுள்ளது. ஆனால் ஆடவர் பலர்க்குப் பழுது இருப்பதோ வித்திலேயே. இம்முறைகளுள் எதுவும் மனிதர்க்குரிய மருத்துவமாக இன்னும் வந்திலது.

இன்று ஆஸ்பத்திரிகளில் வழங்குவது, 1992இற் பிரசெல்சு மருத்துவர் வெளியிட்ட, ஒற்றை விந்தணுவை முட்டையுட் செலுத்தும் முறையாகும். இதனை எவருந் தடுப்பதில்லை. எனினும் வை நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு அற்ற தந்தைக்கு இம்முறையாற் பிறக்கும் மகன், அக்குறையையும் பெற்றே பிறக்கின்றான்.