வியன்னாவில் ஒரு பிறந்தநாள் வாரம்

அன்புள்ள மருமகளுக்கு,

பிறந்தநாளன்று வகுப்பு முடிந்ததும் அறைக்கு வந்து தூங்கிவிடப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். நம் வீட்டில் உன் பிறந்தநாளை நடத்தியவர்கள் மற்றவர்கள். அண்ணி பாயசம் வைப்பார், தாத்தா அர்ச்சனைக்குச் சொல்லிவைப்பார், புதுத்துணி மஞ்சள் தடவிக் காத்திருக்கும். வெளியூரில் இதெல்லாம் தானாக வந்து சேராது, நீதான் நடத்திக்கொள்ள வேண்டும். முழுவதையும் ஒரே நாளின் தலையில் ஏற்றினால் அந்த நாள் தாங்காது. அதனால் ஒரு வாரமாகப் பிரித்துக்கொள். நட்சத்திரத்துக்கு ஒன்று, ஆங்கிலத் தேதிக்கு ஒன்று என்று இரண்டு பிறந்தநாள் பார்க்கிற குடும்பம்தானே நம்முடையது.

முதலில் அவசரமான ஒன்று. ஆஸ்திரியாவில் அரசின் கூட்டாட்சி அருங்காட்சியகங்களில் 19 வயது நிரம்பாதவர்களுக்குக் கட்டணம் கிடையாது. உனக்கு 19 ஆகிறது, ஆகவே பிறந்தநாளுக்கு முந்தைய நாளோடு அந்தச் சலுகை முடிந்துவிடும். அதற்கு முன் வரும் வியாழக்கிழமையிலோ, நட்சத்திர நாள் முன்னால் வந்தால் அன்றைக்கோ பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு 1891இல் திறக்கப்பட்ட குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷெஸ் அருங்காட்சியகத்துக்குப் போ. வியாழக்கிழமைகளில் இரவு 9 மணிவரை திறந்திருப்பதால் வகுப்பு முடிந்தே போகலாம். எல்லாக் கூடங்களையும் பார்த்துத் தீர்க்க முயலாதே. பீட்டர் புரூகலின் ஓவியங்கள் உலகில் வேறெங்கும் இத்தனை ஒரே இடத்தில் இல்லை. அந்தக் கூடத்தில் 1560இல் அவர் வரைந்த ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ ஓவியத்தின் முன் உட்கார். ஒரு தெரு முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிறாள், பையன்கள் பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், வளையம் உருட்டுகிறார்கள், பொய்க்கால் கட்டி நடக்கிறார்கள். இடது கீழ்மூலையில் இரண்டு பெண்கள் ஆட்டுக் கணுக்கால் எலும்புகளை வைத்து ஆடுவதைப் பார், உன் ஆச்சி திண்ணையில் ஆடிய அஞ்சாங்கல் உனக்கு உடனே தெரிந்துவிடும். எத்தனை ஆட்டங்கள் நமக்கும் பழக்கம் என்று எண்ணிக்கொண்டு வா. வீட்டை நினைத்து மனம் கனத்திருக்கிற சமயத்தில் அந்த ஓவியம் ஆறுதல் தரும், இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

இன்னொரு மாலை ஓபராவுக்கு. உட்கார்ந்து பார்க்கும் நல்ல சீட்டின் விலை மாணவிக்குக் கட்டாது. ஆனால் ‘ஷ்டேப்ளாட்ஸ்’ என்று நின்று பார்க்கும் இடங்கள் ஒவ்வொரு காட்சிக்கும் குறைந்த விலையில் உண்டு. இடம் பிடித்ததும் முன்னால் இருக்கும் கம்பியில் துப்பட்டாவைக் கட்டிவை, அது உன் இடம் என்று எல்லோரும் மதிப்பார்கள். பாட்டின் பொருள் சிறு திரையில் ஆங்கிலத்திலும் ஓடும். கால் வலித்தால் இடைவேளையில் கிளம்பிவிடலாம், யாரும் குறையாக நினைப்பதில்லை. 1869இல் திறந்த அந்தக் கட்டடம் 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்தது. பத்து ஆண்டுகள் உழைத்துக் கட்டி, 1955 நவம்பரில் பேத்தோவனின் ‘ஃபிடேலியோ’வோடு மறுபடி திறந்தார்கள். சாப்பாட்டுக்கே தட்டுப்பாடாக இருந்த காலத்தில் எடுத்த வேலை அது. அங்கே நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்.

ஸாஹர் டோர்ட்டே கேக் ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். 1832இல் பதினாறு வயதுப் பயிற்சிப் பையன் ஃபிரான்ட்ஸ் ஸாஹர் செய்ததாகச் சொல்வார்கள். சற்று வறண்டிருக்கும், இனிப்பில்லாத கிரீமைத் தொட்டுக்கொண்டால்தான் ருசி. முட்டை சேர்ந்தது. முட்டை ஆகாது என்றால் ஒரு மெலான்ஜ் காபி போதும். கூடவே ஒரு கிளாஸ் தண்ணீர் வரும். ஆல்ப்ஸ் மலையின் ஊற்றுகளிலிருந்து 1873 முதல் குழாயில் தானாகவே இறங்கி வருகிற தண்ணீர் அது. ஒரே காபியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தாலும் பரிமாறுபவர் எழுந்திருக்கச் சொல்லமாட்டார். அதிகச் செலவு வேண்டாமென்றால் அக்டோபரில் தெருமுனைகளில் மரோனி என்கிற சுட்ட செஸ்ட்நட் கொட்டைகள் விற்பார்கள். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பிராட்டர் பூங்காவின் ஹாப்ட்அல்லே சாலையில் நட. ஓட்டவீரர் கிப்சோகே 2019இல் இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தான் தூரத்தை ஓடி முடித்த சாலை அது.

இனி பிறந்தநாள். அங்கே பிறந்தநாளுக்கு முன்பே வாழ்த்துவது ஆகாது, கெட்ட சகுனமாக நினைப்பார்கள். நம் ஊரில் நள்ளிரவு 12 அடிக்கும்போது உனக்கு முந்தின நாள் இரவு எட்டரைதான். அண்ணி சரியாக அப்போது அழைப்பார். தயங்காமல் எடு, நீ பிறந்தது நம் ஊர் நேரத்தில்.

இன்னொரு வழக்கமும் உண்டு: பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்கு விருந்து கொடுக்க வேண்டும். அலுவலகமோ வகுப்போ, கேக்கை அவரே கொண்டுவருவார். உனக்கு இது புதிதில்லை. கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுத்தவள்தானே நீ! அதையே விடுதியிலும் செய். ரவை கேசரி கிளறு. ரவையை அங்கே ‘கிரீஸ்’ என்பார்கள். பாலில் வேகவைத்த ரவைக் கஞ்சி அவர்கள் சிறுவயதில் சாப்பிட்டு வளர்ந்தது, அதனால் உன் கேசரி யாருக்கும் அந்நியமாகத் தெரியாது. நெய்க்கு சூப்பர் மார்க்கெட்டில் ‘புட்டர்ஷ்மால்ட்ஸ்’ வாங்கு. ரவையை நன்றாக வறு, இல்லாவிட்டால் குழைந்துவிடும். முந்திரி யாருக்காவது ஒவ்வாதா என்று முன்பே கேட்டுக்கொள்.

அந்த ஊர்க்காரர்கள் திடீரென்று கூப்பிட்டால் வரமாட்டார்கள், முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்வது அவர்கள் பழக்கம். யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்காதே. உன் தளத்தில் இருப்பவர்களிடம் நாளையும் நேரத்தையும் இன்றைக்கே நீயாகப் போய்ச் சொல்லிவிடு.

அன்புடன்,
அத்தை